தன் பெயரைத் தங்கத்தில் அடித்த தட்டான்

1838-ம் ஆண்டு. அமெரிக்காவில், பிலடெல்பியா நகரின் நாணயசாலை. பழைய தங்கத்தைக் கொடுத்துப் புதுக் காசு வாங்கிப் போகப் பலர் அங்கே வருவார்கள். வந்த தங்கமெல்லாம் உலைக்குப் போகும்.

ஒரு நாள் அந்தக் குவியலில் விசித்திரமான ஒரு பொற்காசு கிடந்தது. நாணயசாலை அதிகாரி ஆடம் எக்ஃபெல்ட் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது அமெரிக்க சர்க்கார் அடித்த காசு அல்ல. ஒரு பக்கத்தில் மலைக்குப் பின்னால் சூரியன் உதித்துக் கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு மனிதரின் பெயர். மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகு. ஆண்டு 1787.

அதை உலையில் போட எக்ஃபெல்டுக்கு மனம் வரவில்லை. எடுத்துத் தனியே வைத்தார். இன்று அந்தக் காசு வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

காசில் இருந்த பெயர், பிரேஷர். யார் அவர்?

எப்ராயிம் பிரேஷர் 1744-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹாலந்து வம்சாவளி. தொழில், தட்டார் வேலை. தங்கத்திலும் வெள்ளியிலும் அவர் செய்யாத பொருள் இல்லை. இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்கர்கள் போராடிய சுதந்திரப் போரில் அவரும் படையில் சேர்ந்து பணியாற்றினார்.

போர் 1783-ல் முடிந்தது. நாடு பிறந்துவிட்டது. ஆனால் அந்த நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பொற்காசு கிடையாது!

கடைவீதியில் என்ன புழங்கியது தெரியுமா? ஸ்பெயின் காசு, போர்த்துகல் காசு, இங்கிலாந்துக் காசு, பிரான்ஸ் காசு. எல்லாம் கலந்து ஓடின. அதிலும் மோசக்காரர்கள் கை வைத்தார்கள். பொற்காசின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பார்த்தால் முழுக்காசு, தராசில் வைத்தால் எடை குறையும். விவசாயி தானியம் விற்று வாங்கிய காசு அடுத்த கடையில் செல்லாமல் போகும். யாரை நம்புவது?

இரண்டே எழுத்து

தட்டானைத்தான் நம்பினார்கள். காசைக் கொண்டு போய்க் கொடுப்பார்கள். அவர் எடை போடுவார், மாற்றுப் பார்ப்பார். எடை கூடினால் வெட்டுவார். குறைந்தால் தங்கத் துண்டை வைத்து அடைப்பார். எல்லாம் சரியான பிறகு, காசின் மேல் தன் முத்திரையை ஓங்கி அடிப்பார்.

பிரேஷரின் முத்திரை அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகள். சின்ன முட்டை வடிவத்துக்குள் ஈ, பி. அந்த இரண்டு எழுத்து இருந்தால் காசை வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

லேசான காரியமா இது? முத்திரை அடித்த காசு ஒன்று எடை குறைந்ததாகத் தெரிந்தால், பிறகு யார் அவர் பட்டறைப் படியேறுவார்கள்? ஒவ்வொரு அடியிலும் தன் பிழைப்பையே பணயம் வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1787 பிப்ரவரியில் பிரேஷர் ஒரு படி மேலே போனார். ஜான் பெய்லி என்பவருடன் நியூயார்க் சட்டசபைக்கு ஒரு மனுப் போட்டார். மாகாணத்துக்குச் செப்புக் காசு அடித்துத் தர அனுமதி வேண்டும் என்பது மனு. எடை குறைந்த கள்ளச் செப்புக் காசுகள் அப்போது நகரில் குவிந்து கிடந்தன. எனவே மனுவில் நியாயம் இருந்தது.

சட்டசபை யோசித்தது. கடைசியில் காசு அடிப்பதே இல்லை என்று முடிவு செய்தது. ஒரு ஷில்லிங்குக்கு 20 செப்புக் காசு என்று சட்டம் மட்டும் போட்டது. மனு அதோடு போயிற்று.

அதே ஆண்டில்தான் பிரேஷர் தம் பொற்காசை அடித்தார். ஸ்பெயின் நாட்டு டப்ளூன் என்ற பெரிய பொற்காசுக்குச் சமமான எடை. சுமார் 26 கிராம். நம் கணக்கில் மூன்றேகால் பவுன். தங்கம் சுமார் 22 காரட், நம் வீட்டு நகைகளில் உள்ள அதே மாற்று! அன்றைய மதிப்பு ஏறக்குறைய 15 டாலர். கழுகின் சிறகில் தம் ஈ, பி முத்திரையை அடித்தார். ஒரே ஒரு காசில் மட்டும் அது கழுகின் மார்பில் விழுந்திருக்கிறது.

எதற்காக அடித்தார்? சட்டசபை உறுப்பினர்களிடம் தம் வேலைத் திறமையைக் காட்டத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். கடைவீதியில் புழங்கவே அடித்தார் என்கிறார்கள் வேறு சிலர். தேய்ந்த காசுகள் கிடைத்திருப்பதால் இரண்டாவது கட்சிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காட்சிக்கு வைத்த காசு எப்படித் தேயும்?

ஜனாதிபதிக்கு அடுத்த வீடு

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதி ஆனார். அப்போது தலைநகர் நியூயார்க். செர்ரி தெருவில் அவருக்கு ஒரு வீடு ஏற்பாடு செய்தார்கள். அடுத்த வீட்டில் குடியிருந்தவர் யார்? நம் பிரேஷர்தான்!

அடுத்த வீட்டுக்காரர் என்பதோடு நிற்கவில்லை. ஜனாதிபதி வீட்டுச் சமையலுக்கு, இறைச்சி கோக்கும் வெள்ளிக் கம்பிகள் பிரேஷர் பட்டறையிலிருந்து போயின.

நகரத்திலும் அவருக்கு நல்ல மதிப்பு. சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியாகவும் சில ஆண்டுகள் இருந்தார்.

1792-ல் காங்கிரஸ் சட்டம் இயற்றி, பிலடெல்பியாவில் நாணயசாலை தொடங்கியது. மாகாணங்கள் காசு அடிக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் அதற்கு முன்பே தடுத்துவிட்டது. தனியாருக்கோ தடை இல்லை. 1864-ல்தான் அவர்களுக்கும் சட்டம் கதவை மூடியது. அதுவரை சுரங்கக்காரர்கள், கடைக்காரர்கள், மதுக்கடைக்காரர்கள் கூட அவரவர் காசை அடித்து விட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அவற்றைத்தான்.

பிரேஷர் 1810-ல் இறந்தார். வயது 66.

அவர் அடித்த இந்த வகை முழுக்காசுகளில் இன்று தெரிந்தவை ஏழே ஏழு. 1897-ல் பிலடெல்பியாவில் ஒரு பழைய வீட்டின் நிலவறையைத் தோண்டிய கூலியாட்கள் கையில் ஒன்று கிடைத்தது. சிகாகோவில் விர்ஜில் பிராண்ட் என்று ஒரு மது ஆலை முதலாளி இருந்தார். 1926-ல் அவர் இறந்தபோது அவர் சேர்த்து வைத்திருந்த காசுகள் மூன்றரை லட்சத்துக்கு மேல்! அவரிடமும் பிரேஷர் காசு ஒன்றுக்கு மேல் இருந்தது. துப்பறியும் கதாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் இந்தக் காசு திருட்டுப் போவதை வைத்து 1942-ல் ஒரு நாவலே எழுதினார். 1947-ல் அது சினிமாவும் ஆயிற்று.

இனி ஒரே ஒரு காசின் கதையைப் பாருங்கள். சேலம் என்றே பெயர் கொண்ட மாசசூசெட்ஸ் ஊரில் மாத்யூ ஸ்டிக்னி என்பவர் அதைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு 1907-ல் ஏலம் விட்டார்கள். 6,200 டாலருக்குப் போயிற்று. ஒரு காசுக்கு இவ்வளவா என்று அன்று பேசிக் கொண்டார்கள். பின்னர் அது காரெட் குடும்பத்துக்குப் போய், அவர்கள் மூலம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலைக்குச் சேர்ந்தது. சர்வகலாசாலை 1979-ல் விற்றது. விலை 7 லட்சத்து 25 ஆயிரம் டாலர்.

2021 ஜனவரியில் அதே காசு மறுபடி ஏலத்துக்கு வந்தது. இம்முறை 93 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 68 கோடி ரூபாய். சிறகின் மேல் ஈ, பி என்ற அந்த இரண்டு எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.