அபிதானகோசம் தந்த அறிஞர்

ஐயம் எழுந்தவிடத்து நூலைப் புரட்டி விடை காணும் வழக்கம் தமிழருக்கு மிகப் பழையதன்று. முன்னாளில் மாணாக்கர் சூடாமணி நிகண்டின் பன்னிரு தொகுதிகளையும் நெட்டுருச் செய்தனர். புராணக் கதையையும் புலவர் வரலாற்றையும் ஆசிரியர் வாயிலாகவே கேட்டறிந்தனர். ஆசிரியர் வாய்க்கப் பெறாதவனுக்கு அறியும் வழியும் அடைபட்டிருந்தது. அவ்வழியைத் திறந்த பெருமகனார் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை.

அன்னார் பிறந்தது 1858 ஆம் ஆண்டில். அவர்தம் ஊருக்கு அகராதிப் புகழ் முன்னரே உண்டு. 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றும் வழங்கியது. சொல்லுக்குப் பொருள் காண அகராதி இருந்தது. ஒரு பெயருக்குரிய வரலாற்றைக் காணவோ நூல் இல்லை. பிள்ளையவர்கள் அக்குறையை நீக்க முற்பட்டார். தேவர், முனிவர், அரசர், புலவர் முதலியோர் பற்றிப் பற்பல நூல்களிற் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி, அகர வரிசையில் அமைத்தார். 1902 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த அவரது அபிதானகோசத்தைத் தமிழின் முதற் கலைக்களஞ்சியமாக அறிஞர் போற்றுவர்.

இணையம் அறியாத அந்நாளில் திருகோணமலையிற் பயின்ற எமக்கு இத்தகைய நூலின் அருமை நன்கு தெரியும். கோணேச்சரத்தைப் பாடிய சம்பந்தர் தேவாரத்தைப் படிக்குங்கால் ஒரு பெயர் விளங்காவிடின், அதற்காகப் புராணம் முழுவதையும் துருவ இயலுமோ? முதலெழுத்தை அறிந்தாற் போதும். ஏடு விடை கூறிவிடும். ஒன்றைத் தேடப் புகுந்து, அதன் அயலிலுள்ள ஐந்தையும் கற்று மீண்ட நாள்கள் பல.

அந்நூலிற் புராணமும் வரலாறும் அருகருகே நிற்பதுண்டு. இன்று கற்போர் பகுத்துணர்ந்தே கொள்ளல் வேண்டும். ஆயினும் முதலில் வழி வெட்டியவருக்குரிய பெருமை அதனாற் குறையாது. 1910 இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக விரிந்த அளவில் வெளிவந்தது. 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் தொகுதி தொகுதியாக வந்தது.

பிள்ளையவர்கள் 1912 இல் யாழ்ப்பாணச் சரித்திரத்தை வெளியிட்டார். ஈழத்துப் புலவர் வரலாற்றையும் எழுதினார். 1917 இல் மறைந்தார். கற்றோர் நெஞ்சில் அடங்கியிருந்த செய்தியை, எழுத்தறிந்த எவனும் தானே எடுத்துக்கொள்ளுமாறு அகர வரிசையில் வைத்துச் சென்றார். ஆசிரியரை எட்டாத ஏழை மாணவனுக்கு அவர் செய்த உதவி அது. நம் பள்ளி நூலகங்களில் அவர் பெயர் நிலைபெறுதல் வேண்டும்.