கொள்ளிடத்தை வயப்படுத்திய கொட்டன்

ஆற்றினை அடக்குதலினும் ஆள்வோரை இணக்குதல் அரிது என்பதனை யான் சேர் ஆதர் கொட்டன் பெருமகனாரின் வரலாற்றினால் உணர்ந்தேன். 1803 இல் இங்கிலாந்திற் பிறந்து, சென்னை மாகாணத்திற் பணியாற்றிய படைப் பொறியியலாளர் இவர். காவிரியின் கல்லணையை ஆராய்ந்து, நெகிழ்மணலில் அடித்தளமிடும் முறையைப் பண்டைத் தமிழரிடமிருந்தே கற்றுக்கொண்டார். 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. காவிரியிற் குறைந்துவந்த நீர் மீண்டும் தஞ்சை வயல்களை அடைந்தது. வெள்ளத்தாலும் வறட்சியாலும் மாறிமாறி நலிந்த கோதாவரிக் கழிமுகம், 1852 இல் நிறைவெய்திய தவளேசுவரம் அணையால் நெற்களஞ்சியமாயிற்று. அரசினரோ புகையிரதப் பாதைகளுக்கே பெரும்பொருள் வழங்கினர். பாசனமே பஞ்சத்துக்கு மருந்தென முதுமையிலும் வாதாடிய கொட்டன், 1899 இல் மறைந்தார். வெள்ளம் கல்லுக்குப் பணிந்தது. கருவூலம் அவர் சொல்லுக்கு முழுதும் பணிந்ததில்லை. ஆயினும், கோதாவரிக் கரை உழவர் இன்றும் அவர்தம் சிலைக்கு மாலை சூட்டுகின்றனர்.