இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

கையிலே கைப்பேசி இருந்தால் இன்று எல்லோரும் படக்கலைஞர்களே! மாமல்லபுரம் கடற்கரையில் அடப்பங்கொடியின் ஊதாப் பூவையும், மணலில் வளை தோண்டும் நண்டையும் நானும் படம் பிடித்து வருகிறேன். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடும் என் தந்தையார், நண்டுப் படம் சோறு போடுமா என்று கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே இப்பெரியாரின் வாழ்க்கையைப் படித்தேன்.

மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' நாவலைத் தந்த அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டி. தந்தை 1925இல் மறைந்தபோது இவருக்கு வயது 13. சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கையில், பேராசிரியர் பைசனுடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி தேடிச் சென்றார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவிய நுணுக்கங்களைக் கற்றார். நம்மையும் ஆசிரியர்கள் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். நாம் பேருந்தில் பாட்டுப் பாடுவதோடு சரி!

பிறகு சட்டமும் படித்தார். ஆயினும் நிலையான வேலை அமையவில்லை. அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி என்று சில காலம் அலைந்து, 1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல வேலைகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பியவர், மீண்டும் யாரிடமும் சம்பளத்துக்கு அமரவில்லை. எழுத்தும் படமுமே பிழைப்பாயின. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை இரு வாரத்துக்கு ஒருமுறையாக 46 ஆண்டுகள் எழுதினார்.

என்னை வியக்க வைத்தது அவருடைய கேமராதான். ஒரு கம்பெனியின் உடலும் இன்னொரு கம்பெனியின் லென்சும் சேர்த்துத் தாமே பூட்டிய கனத்த கருவி அது. அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். கருப்பு வெள்ளைப் படங்களே அவருக்குப் பிடித்தவை. முதுமலையில் யானைமேல் அமர்ந்து காட்டு யானைகளை எடுத்தவர், கொல்லைப்புறத்து அணிலையும் காகத்தையும் அதே அக்கறையோடு பார்த்தார். 1968இல் நேரு ஆய்வு நல்கையும் 1970இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. நம் மாவட்டத்து வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். இது பிடிவாதம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் நம் கடலோரச் சவுக்குத் தோப்புகளில், சருகு மெத்தையாய்க் கிடக்கும் இடத்தில் அடப்பங்கொடி படர்ந்து நான் கண்டதில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

1996 பிப்ரவரி 18 அன்று காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அன்றுதான் வெளிவந்தது. செல்வம் சேர்க்கவில்லை, ஆனால் 46 ஆண்டுகள் தமக்குப் பிடித்ததை எழுதியே வாழ்ந்தார். தந்தையாருக்கு இது போதிய பதிலாகுமா என்பது எனக்கு இன்னும் ஐயமே.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்துள்ளார். என்னிடம் ஒரு பிரதி உண்டு. வேண்டுவோர் தாவரவியல் வகுப்பில் வந்து கேட்கலாம்.