எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (சனவரி 4, 1904 – ஆகத்து 26, 1969) தமிழ்நாட்டைச் சேர்ந்த இதழாசிரியர், பதிப்பாளர், திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர் ஆவார். இவரது இயற்பெயர் சீனிவாசன் என்பதாகும். விளம்பர முகவராகத் தொழில் வாழ்க்கையைத் தொடங்கிய இவர், ஆனந்த விகடன் இதழை விலைக்கு வாங்கித் தமிழின் முன்னணி இதழ்களுள் ஒன்றாக வளர்த்தார். ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி, தமிழிலும் இந்தியிலும் பல வெற்றிப் படங்களைத் தயாரித்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

வாசன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். இவ்வூர் தற்போது திருவாரூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இளம் வயதிலேயே தந்தையை இழந்த இவரை, இவரது தாயார் சென்னைக்கு அழைத்து வந்து வளர்த்தார். குடும்பத்தின் வறுமை காரணமாக இவர் கல்லூரிப் படிப்பை நிறைவு செய்யவில்லை. படிப்பை விட்டபின் பிழைப்புக்காக இவர் தேர்ந்தெடுத்த தொழில் விளம்பரம் சேகரித்தல் ஆகும். இதனுடன் அஞ்சல்வழிப் பொருள் விற்பனையிலும், மலிவு விலை நூல்களை வெளியிடுவதிலும் ஈடுபட்டார்.

விளம்பர முகவர்

1920களில் சென்னையில் விளம்பரத் தொழில் பெரும்பாலும் அச்சு ஊடகத்தையே சார்ந்திருந்தது. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் செயற்படத் தொடங்கியது. ஆயினும் அகில இந்திய வானொலி விளம்பரங்களை ஏற்று ஒலிபரப்பத் தொடங்கியது 1967 நவம்பர் 1 அன்று மும்பையில்தான். ஆகவே வாசனின் இளமைக் காலத்தில் பொருள்களை விற்க விரும்பிய வணிகர்கள் நாளிதழ்களையும் பருவ இதழ்களையும் நாட வேண்டியிருந்தது.

விளம்பர முகவர் வணிகர்களை நேரில் சந்தித்து விளம்பரங்களைப் பெறுவார். அவற்றை ஏற்ற இதழ்களில் வெளியிடச் செய்து அதற்குரிய தரகைப் பெறுவார். இத்தொழிலில் முகவரின் வருவாய் இரு தரப்பினரைப் பொறுத்திருந்தது. வணிகர் பணம் தர வேண்டும். இதழும் உரிய நாளில் வெளிவர வேண்டும். அக்காலத்தில் தொடங்கப்பட்ட சிற்றிதழ்கள் பல, சில மாதங்களிலேயே நின்றுவிட்டன. இதழ் நின்றுபோனால் முகவர் வணிகரிடம் கொடுத்த வாக்கும் பொய்த்துவிடும். அத்தகைய நிலை ஒன்றே வாசனை இதழ்த் துறைக்குக் கொண்டுவந்தது.

ஆனந்த விகடன்

ஆனந்த விகடன் பூதூர் வைத்தியநாதய்யரால் 1926 பெப்ரவரியில் மாத இதழாகத் தொடங்கப்பட்டது. வாசன் இவ்விதழுக்கு விளம்பரங்கள் அளித்து வந்தார். பணமுடையால் 1927 டிசம்பர் இதழ் வெளிவரவில்லை. தாம் அளித்த விளம்பரம் வெளிவராததைக் கண்ட வாசன், வைத்தியநாதய்யரைச் சந்தித்து நிலையை அறிந்தார். இதழைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வந்தார். விலை 200 ரூபாய் எனப் பேசி முடிக்கப்பட்டது. இதழின் பெயரிலுள்ள எட்டு எழுத்துகளுக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் இத்தொகை கணக்கிடப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1928 பெப்ரவரியில் ஆனந்த விகடன் புதிய அமைப்பில் மீண்டும் வெளிவந்தது. அப்போது வாசனுக்கு வயது 24.

விளம்பரம் தருவோர் இதழின் விற்பனை எண்ணிக்கையையே முதலில் நோக்குவர் என்பதைத் தம் முன்னைய தொழிலால் வாசன் அறிந்திருந்தார். எனவே வாசகர் எண்ணிக்கையைப் பெருக்குவதில் கருத்தைச் செலுத்தினார். நகைச்சுவைக் கட்டுரைகள், கேலிச் சித்திரங்கள், சிறுகதைகள், தொடர்கதைகள் ஆகியவற்றுக்கு முதன்மை அளித்தார். பரிசுத் தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். இப்போட்டிகளால் இதழின் விற்பனை பெருகியது. ஆயினும் இவை சூதாட்டத்தை ஒத்தவை என்ற கண்டனமும் எழுந்தது. மாத இதழாக இருந்த விகடன் பின்னர் மாதமிருமுறை இதழாகவும், அதன்பின் வார இதழாகவும் மாறியது.

நவசக்தி இதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 1931இல் ஆனந்த விகடனின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். வணிகப் பொறுப்பை வாசனும் எழுத்துப் பொறுப்பைக் கல்கியும் கவனித்த இப்பத்தாண்டுக் காலம் இதழின் வளர்ச்சிக்கு அடித்தளமானது. கல்கியின் பல தொடர்கதைகள் இக்காலத்தில் வெளிவந்தன. ஓவியர் மாலியின் சித்திரங்களும் வாசகர்களைக் கவர்ந்தன. இதழின் விளம்பரப் பிரிவில் டி. சதாசிவம் பணியாற்றினார்.

இக்கூட்டு நிலைக்கவில்லை. கல்கியும் சதாசிவமும் விகடனை விட்டு விலகி, 1941 ஆகத்தில் கல்கி வார இதழைத் தொடங்கினர். இதனால் ஆனந்த விகடன் தன் புகழ்பெற்ற ஆசிரியரையும், விளம்பரத் துறையில் தேர்ந்த ஒருவரையும் ஒருங்கே இழந்தது. அவர்கள் தொடங்கிய இதழே அதற்குப் போட்டியாகவும் அமைந்தது. எனினும் தேவன் (ஆர். மகாதேவன்) ஆசிரியப் பொறுப்பேற்று, நகைச்சுவைத் தொடர்கள் மூலம் விகடனின் செல்வாக்கைக் காத்தார்.

திரைப்படத்துறை

வாசன் எழுதிய சதி லீலாவதி என்ற புதினம், எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் 1936இல் திரைப்படமாக வெளிவந்தது. எம். ஜி. ஆர் நடித்த முதல் திரைப்படம் இதுவாகும். அதன்பின் வாசன் படங்களை விநியோகம் செய்யத் தொடங்கினார். கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி (1939) படத்தின் கதை, கல்கியால் ஆனந்த விகடனில் தொடராக எழுதப்பட்டது. படத்தின் காட்சிகளே தொடருக்கான ஒளிப்படங்களாக அச்சிடப்பட்டன. இவ்வாறு தொடர் படத்துக்கும், படம் தொடருக்கும் விளம்பரமாக அமைந்தது.

சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையம் தீ விபத்தில் சேதமுற்றது. பின்னர் அது ஏலத்துக்கு வந்தபோது வாசன் அதனை வாங்கி, ஜெமினி ஸ்டூடியோ எனப் பெயரிட்டார். மதனகாமராஜன் (1941), நந்தனார் (1942), மங்கம்மா சபதம் (1943) ஆகியவை இந்நிறுவனத்தின் தொடக்க காலப் படங்களாகும்.

சந்திரலேகா

1948 ஏப்ரல் 9 அன்று வெளியான சந்திரலேகா, வாசனின் வாழ்வில் பெரும் சோதனையாக அமைந்தது. டி. ஜி. இராகவாச்சாரி இயக்கத்தில் தொடங்கிய இப்படத்தை வாசனே இயக்கி முடித்தார். டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் இதில் நடித்தனர். படப்பிடிப்பு பல ஆண்டுகள் நீடித்தது. செலவு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாயை எட்டியது. அக்காலத்தில் வேறெந்த இந்தியப் படத்துக்கும் இவ்வளவு செலவிடப்பட்டதில்லை. தமிழ்ப் பதிப்பின் வசூல் சிறப்பாக இருந்தும், இத்தொகையை ஈடுகட்டப் போதவில்லை.

இந்நிலையில் வாசன் சில மாற்றங்களுடன் இந்திப் பதிப்பை உருவாக்கி, அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். வடஇந்தியாவில் அப்போது சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு அறிமுகம் குறைவு. எனவே நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், சுவரொட்டிகள் எனப் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்தார். நூற்றுக்கணக்கான மகளிர் மாபெரும் முரசுகளின் மீது ஆடும் நடனக் காட்சி பெரும் வரவேற்பைப் பெற்றது. இந்திப் பதிப்பின் வெற்றி வாசனின் பொருள் நெருக்கடியைத் தீர்த்தது. சென்னைத் தயாரிப்பாளர்கள் இந்தித் திரையுலகில் நுழையவும் வழி செய்தது.

இதனைத் தொடர்ந்து ஜெமினி நிறுவனம் தமிழ், இந்தி ஆகிய மொழிகளில் படங்களைத் தயாரித்தது. இந்நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் எழுத்தாளர் அசோகமித்திரன் பல ஆண்டுகள் பணியாற்றினார். கொத்தமங்கலம் சுப்பு கதை இலாகாவில் முக்கிய பங்கு வகித்தார். ஜெமினி கணேசன் இங்குப் பணியாற்றியதாலேயே அப்பெயரைப் பெற்றார்.

குறிப்பிடத்தக்க படங்கள்

அபூர்வ சகோதரர்கள் (1949)
மிஸ்டர் சம்பத் (இந்தி, 1952)
ஔவையார் (1953)
இன்சானியத் (இந்தி, 1955)
வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958)
பைகாம் (இந்தி, 1959)
இரும்புத்திரை (1960)

சிறப்புகள்

வாசன் 1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. 2004இல் இவரது நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

மறைவு

வாசன் 1969 ஆகத்து 26 அன்று தமது 65ஆம் அகவையில் காலமானார். அவருக்குப்பின் அவரது மகன் எஸ். பாலசுப்பிரமணியன் விகடனை நடத்தினார். அவர் 2014இல் காலமானார். ஜெமினி ஸ்டூடியோ பிற்காலத்தில் மூடப்பட்டது. அது இருந்த இடத்தருகே 1973இல் கட்டப்பட்ட அண்ணா மேம்பாலம் மக்களிடையே ஜெமினி மேம்பாலம் என்றே வழங்கி வருகிறது.