புதுக்கோட்டை ஈன்ற புதுமைப் பெண்மணி

முன்னுரை

நம் புதுக்கோட்டைச் சீமை பழம்பெருமை வாய்ந்தது. சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் அப்பெருமையை உலகுக்குப் பறைசாற்றுகின்றன. அவற்றோடு ஒருங்கே வைத்துப் போற்றத்தக்கது, இம்மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வு. அவரைச் சிறந்த மருத்துவராக நாம் அறிவோம். ஆதரவற்ற பெண்களுக்கு இலவசமாகக் கல்வி கிடைக்க அவர் ஆற்றிய தொண்டை இங்குக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். பருவமடைந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். ஆனால் முத்துலட்சுமியின் கல்வி ஆர்வம் அணையவில்லை. தந்தையாரின் உதவியோடு வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அங்கு ஆண்கள் மட்டுமே பயின்று வந்தனர். ஒரு பெண் வந்து அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் என்னாவது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவரானார்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கற்றறிந்த தந்தையும் பரந்த மனம் கொண்ட மன்னரும் இருந்தமையால் முத்துலட்சுமிக்கு வழி பிறந்தது. அதே ஊரில் நாற்று நட்ட பெண்ணின் மகளுக்கும், கல் உடைத்த பெண்ணின் மகளுக்கும் யார் பரிந்து பேசினர்? தமக்கு மட்டும் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பதே அம்மையாரின் பிற்கால உழைப்பின் நோக்கமாயிற்று.

கல்விப் பணி

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1920களில் சென்னை மாகாணச் சட்டசபையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். அம்முயற்சி 1947இல் முழுமையான சட்டமாகக் கனிந்தது.

இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். பள்ளியில் சேரும் பிள்ளைகளுள் மிகப் பலர் எழுதப் படிக்கத் தேறுமுன்பே நின்றுவிடுகின்றனர் என்று அக்குழு 1929இல் எடுத்துக்காட்டியது. பெண் கல்விக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

பேச்சோடு அம்மையார் நின்றாரில்லை. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமியர் சிலருக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்கவில்லை. அவர்களைத் தம் இல்லத்திலேயே சேர்த்துக் கொண்டார். அதுவே 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லமாக வளர்ந்தது. நாடறிந்த தமிழ் மூதாட்டியின் பெயரைத் தாங்கிய அவ்வில்லத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு உணவு, உடை, உறையுள், கல்வி யாவும் இலவசம். குலம் கேட்கப்படவில்லை. பிற்காலத்தில் பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் அங்கே அமைந்தன. அடைக்கலம் தேடி வந்தவர்கள் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளாகவும் வழி பிறந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். 1956இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பிறந்த மண்ணில் மலர்ந்த கனவு

அம்மையார் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின், 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாலை வேளைகளில் மரத்தடியிலும் திண்ணையிலும் வகுப்புகள் நடந்தன. தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். கல் குவாரியிலும் வயலிலும் உழைத்த தாய்மார்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்திடக் கற்றனர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினர். அன்று ஒரு பெண் கல்லூரி செல்லத் தடை சொன்ன சீமையில், பாட்டிமாரும் பலகையும் கையுமாக அமர்ந்த காட்சியை என்னென்பது!

முடிவுரை

அன்புத் தோழியரே! நாம் வகுப்பறைக்குள் நுழைய இன்று எந்த மன்னரின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆயினும் திருமணத்தாலும் வறுமையாலும் படிப்பை இடையில் விட்ட தங்கையர் நம் தெருவிலேயே உண்டு. விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவர்களுள் ஒருத்திக்கேனும் பாடம் சொல்லிக் கொடுப்போம். எழுத்தறியா மூதாட்டி ஒருவருக்கு அவர் பெயரை எழுதக் கற்றுத் தருவோம். அதுவே புதுக்கோட்டை ஈன்ற அந்தப் புதுமைப் பெண்மணிக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.