ஆத்துல விட்ட 500 கட்டைகள்

சர்வேயிங் லேப்ல செயினையும் ரேஞ்சிங் ராடையும் தூக்கிக்கிட்டு கிரவுண்ட்ல வெயில் காஞ்சிருப்பீங்க. ரீடிங் சரியா வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்து பேட்ச் நோட்டை வாங்கிப் பார்ப்போம். இந்தத் தடவை நான் சொல்லப்போறது, ஒரே ஒரு ரீடிங்குக்காக நாலு வருஷத்தைக் கொடுத்த ஒருத்தரோட கதை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேர் கிந்துப். சிக்கிம்காரர். டார்ஜிலிங்கில் வாழ்ந்தவர். சர்வே ஆஃப் இந்தியாவின் ரகசியப் பதிவுகளில் அவருக்கு இருந்தது ரெண்டே எழுத்து: கே.பி.

முதல்ல அவர் போன இடத்தைப் பார்த்துடுவோம். திபெத்தின் உச்சியில் கைலாயத்துக்குக் கிழக்கே பிறந்து, யார்லுங் சாங்போ என்ற ஆறு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கு நோக்கி ஓடுகிறது. பே என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 7,782 மீட்டர் உயரமுள்ள நம்ச்சா பர்வா, 7,294 மீட்டர் உயரமுள்ள கியாலா பேரி என்ற ரெண்டு மலைகளுக்கு நடுவில் புகுந்து, ஒரு பெரிய வளைவு அடித்துத் தெற்கே திரும்புகிறது. சிகரத்திலிருந்து ஆற்றுமட்டம் வரை அளந்தால் மிக ஆழமான இடத்தில் பள்ளத்தாக்கு சுமார் 6,000 மீட்டர். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் சுமார் 1,800 மீட்டர்தான். அந்த வளைவுக்குள் நெடுங்காலம் எந்த ஊருக்கும் ஒழுங்கான பாதை இருந்ததில்லை. அங்கே இருக்கும் மேடோக் மாவட்டத்துக்கு நிரந்தரமான நெடுஞ்சாலை வந்ததே 2013-ல்தான். சீனாவிலேயே கடைசியாகச் சாலை பார்த்த மாவட்டம் அது. அப்போ 1880-ல் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

அன்றைக்கு இருந்த கேள்வி ரொம்ப எளிமையானது. மேலே திபெத்தில் சாங்போ என்று ஓர் ஆறு மலைக்குள் நுழைகிறது. கீழே அசாம் பக்கம் திஹாங் என்று ஓர் ஆறு மலையிலிருந்து வெளியே வந்து பிரம்மபுத்திராவாகிறது. ரெண்டும் ஒரே ஆறுதானா? இல்ல, சாங்போ பர்மாவுக்குப் போய் ஐராவதியாகிறதா? ஐராவதிதான் என்று அடித்துச் சொன்னவர்களில் பர்மாவில் வேலை பார்த்த ராபர்ட் கார்டன் என்ற எஞ்சினியரும் ஒருத்தர். ஒரே ஆறுதான் என்றால் இன்னொரு கேள்வி வரும். 2,900 மீட்டரில் நுழைகிற தண்ணீர் 150 மீட்டர் உயரமுள்ள அசாம் சமவெளிக்கு எப்படி இறங்குகிறது? நடுவில் நயாகரா மாதிரி ஒரு பேரருவி இருந்தாகணும் என்று லண்டனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்துட்டு வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். திபெத் வெள்ளைக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அதனால் சர்வே ஆஃப் இந்தியா இமயமலை மக்களிலிருந்தே ஆட்களை எடுத்து, யாத்ரீகர் வேஷத்தில் உள்ளே அனுப்பியது. 'பண்டிட்'கள் என்று அவர்களுக்குப் பேர். காலடியை ஒரே அளவாக வைக்கப் பயிற்சி. அந்த அடிகளை எண்ண 108-க்குப் பதிலா 100 மணி கோத்த ஜபமாலை. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதிலாக குறிப்புத்தாள். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை வைத்து உயரம் கணக்கிடுவார்கள். (இதே நிறுவனத்தின் முக்கோண அளவீடு 1802-ல் நம்ம பரங்கிமலை அடிவாரத்தில் போட்ட பேஸ்லைனிலிருந்துதான் கிளம்பியது. அடுத்த தடவை ஏர்போர்ட் பக்கம் போகும்போது அந்த மலையைக் கொஞ்சம் மரியாதையா பாருங்க.)

கிந்துப் பண்டிட் கூட இல்ல, பண்டிட்டோட உதவியாளர். 1878-79-ல் நேம் சிங் என்பவரோடு சாங்போ கரையில் கியாலா வரை போய்த் திரும்பியவர். எழுதத் தெரியாததால் அளவெடுக்கும் வேலை அவருக்குத் தரப்படவில்லை. மூட்டை தூக்குவது, வழி கேட்பது, சமைப்பது. அவ்வளவுதான்.

1880-ல் கேப்டன் ஹென்றி ஹார்மன் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டார். இந்தத் தடவை தலைவர் ஒரு லாமா. கிந்துப் அவருக்கு வேலைக்காரர் என்ற வேஷம். பள்ளத்தாக்கு வழியாகவே நடந்து அசாமில் வந்து இறங்கணும். முடியலைன்னா ப்ளான் பி. ஒரு அடி நீளமுள்ள 500 மரக்கட்டைகளை வெட்டி, கொடுத்தனுப்பிய அடையாளத்தை ஒவ்வொன்றிலும் பொருத்தி, ஒரு நாளைக்கு 50 வீதம் பத்து நாள் ஆற்றில் விடணும். கீழே திஹாங் வெளியே வரும் இடத்தில் ஹார்மனின் ஆட்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கட்டை வந்தாலும் போதும், கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஹைட்ராலஜி படிச்சவங்களுக்கு இது புரியும். ட்ரேஸர் டெஸ்ட். இன்னைக்குச் சாயத்தையோ உப்பையோ கலந்து பண்றதை அன்னைக்கு மரக்கட்டையை வச்சுப் பண்ணாங்க. ஏன் 500, ஏன் பத்து நாள்? பாதி பாறையில் சிக்கும், கொஞ்சம் உடையும், சிலது ராத்திரியில் கடந்து போகும். அத்தனை இழப்புக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. நல்ல டிசைன். ஆனா அந்த டிசைனில் ஒரு ஓட்டை இருந்தது. மேலே எப்போ விடப்போறாங்கன்னு கீழே இருக்கறவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

லாமா எப்படிப்பட்டவர் என்பது போகப்போகத் தெரிந்தது. சர்வே கொடுத்த காசில் குடித்தார். ஒரு ஊரில் தங்க இடம் கொடுத்தவரின் மனைவியோடு உறவு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நகர மறுத்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் நஷ்டஈடாக 25 ரூபாயைக் கட்டிப் பஞ்சாயத்தை முடித்து வைத்தவர் கிந்துப்.

1881-ன் தொடக்கத்தில் ரெண்டு பேரும் கியாலாவைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். பெமாகோச்சுங் என்ற சின்ன மடாலயம் வரை போக முடிந்தது. அதற்கு மேல் ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஆறு. கால் வைக்க இடமில்லை. திரும்பினார்கள். வேறு வழி தேடி வடக்கே சுற்றி டோங்யுக் ட்சோங் என்ற இடத்துக்கு வந்தார்கள். அங்கே லாமா, ரெண்டு மூணு நாள்ல வந்துடறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வரவேயில்லை. கிந்துப்பை அந்த ஊர் அதிகாரிக்கு அடிமையாக விற்றுவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்புறம்தான் இவருக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. மே 1881. தலைவர் ஓடிப்போயாச்சு. காசு இல்ல. நீங்க அடிமை. 1882 மார்ச்சில் தப்பிக்க ஒரு வாய்ப்பு கிடைக்குது. எந்தப் பக்கம் ஓடுவீங்க? வீட்டுப் பக்கம்தானே? கிந்துப் ஆற்றுப் பக்கம் ஓடினார்.

வளைவின் மறுபக்கத்தில் இறங்கி, அட்டையும் மழையும் நிறைந்த காட்டுக்குள் சாங்போவைத் தொட்டபடியே தெற்கே நடந்தார். மார்ப்புங் என்ற இடத்தில் பழைய எஜமானின் ஆட்கள் பிடிக்க வந்துவிட்டார்கள். அங்கிருந்த மடாலயத்தின் தலைமை லாமா காலில் விழுந்து, நான் யாத்ரீகன், அநாதை, என்னைக் காப்பாத்துங்க என்று கெஞ்சினார். அந்த லாமா 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். ஆமாம், மறுபடியும் அடிமைதான். ஆனா இந்த எஜமானர் இரக்கமுள்ளவர்.

சில மாதங்கள் வேலை செய்துவிட்டு, யாத்திரை போக ஒரு மாதம் லீவு கேட்டார். கிடைத்தது. அந்த ஒரு மாதத்தில் காட்டில் தனியாளாக 500 கட்டைகளை வெட்டினார். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு குகையில் ஒளித்து வைத்தார். உடனே விட்டுவிடவில்லை. மேலே நான் சொன்ன ஓட்டையை அவரே கண்டுபிடித்திருந்தார். ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, கீழே யாரும் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று புரிந்திருந்தது. எந்த நாளில் கட்டைகள் வரும் என்று முதலில் தகவல் அனுப்ப வேண்டும். அதற்கு டார்ஜிலிங் போகும் ஆள் வேண்டும், கடிதம் எழுதித் தரவும் ஆள் வேண்டும். ரெண்டும் கிடைக்கும் ஊர் லாசா.

மடாலயத்துக்குத் திரும்பி வேலை செய்தார். ரெண்டு மாதம் கழித்து இன்னொரு யாத்திரை என்று லீவு கேட்டார். லாசா வரை நடந்தார். அங்கே சிக்கிம்காரர் ஒருத்தரைப் பிடித்து, நேம் சிங் பேருக்குக் கடிதம் எழுத வைத்தார். லாமா தன்னை விற்றது, இன்ன திபெத்திய ஆண்டின் பத்தாம் மாதத்தில் இன்ன தேதியிலிருந்து தினமும் 50 கட்டைகள் விடப்போவது, எல்லாம் அதில் இருந்தது. இதைக் கேப்டனிடம் சொல்லிவிடு என்பதுதான் சாரம். கடிதம் டார்ஜிலிங்குக்குக் கிளம்பியது.

லாசாவிலிருந்து கிந்துப்பும் அதே வழியில் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரைத் தடுக்க அங்கே யாருமே இல்லை. அவர் மார்ப்புங்குக்கே, அடிமை வேலைக்கே, திரும்பி நடந்தார். கட்டைகள் அங்கேதானே இருந்தன. இன்னும் ஒன்பது மாதம் உழைத்தார். யாத்திரை யாத்திரை என்று அலையும் இந்த ஆளின் பக்தியில் மனம் உருகிய லாமா ஒருநாள், நீ போகலாம் என்று விடுதலை கொடுத்துவிட்டார்.

1883-ன் கடைசியில், சொன்ன தேதியில், தினம் 50 வீதம் பத்து நாள், 500 கட்டைகளையும் சாங்போவில் விட்டார் கிந்துப்.

கீழே யாரும் இல்லை. ஹார்மன் உடம்பு கெட்டு 1882-லேயே இந்தியாவை விட்டுக் கிளம்பி, 1883 ஏப்ரலில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இறந்துபோயிருந்தார். கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. கட்டைகள் திஹாங் வழியாக வந்து, பிரம்மபுத்திராவில் கலந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் வங்காள விரிகுடா பக்கம் போயிருக்க வேண்டும்.

கிந்துப் அசாமுக்கே நடந்துபோய்விடலாம் என்று ஆற்றோடு தெற்கே இறங்கியும் பார்த்தார். சமவெளிக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. ஆனால் நடுவில் இருந்த மலைவாசிகள் அந்நியரை விடமாட்டார்கள் என்பதால் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி லாசா வழியாகச் சுற்றி 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அம்மா இறந்துபோயிருந்தார்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் பகுதி. ரெண்டு வருஷம் கழித்துத்தான் அவரிடம் அறிக்கை வாங்கினார்கள். அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அச்சில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் நாலு வருஷப் பயணத்தை நினைவில் வைத்துச் சொல்வதை எப்படி நம்புவது என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் ஒரே ஒரு வரியை மட்டும் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பெமாகோச்சுங் பக்கத்தில் சாங்போ 150 அடி உயரத்திலிருந்து விழுகிறது என்ற வரி. அதுதான் நாம தேடின பேரருவி என்று அடுத்த முப்பது வருஷம் அதன் பின்னால் ஓடினார்கள்.

1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற ரெண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பள்ளத்தாக்குக்குள் நடந்தார்கள். கிந்துப்பின் அறிக்கையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சரிபார்த்தார்கள். ஊர்ப் பேர்கள், தூரம், வழி எல்லாம் வியக்கும் அளவுக்குச் சரியாக இருந்தன. சாங்போவும் திஹாங்கும் ஒன்றே என்பதும் உறுதியானது. அருவி மட்டும் சரியாக வரவில்லை. பெமாகோச்சுங்கில் ஆறு விழுந்தது சுமார் 30 அடிதான். அப்போ கிந்துப் புளுகினாரா?

பெய்லிக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளைத் தேடினார். கிந்துப் டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். 1914-ல் சிம்லாவில் ரெண்டு பேரும் சந்தித்தார்கள். கிந்துப் சொன்னது இதுதான்: 150 அடி அருவி இருப்பது கியாலாவில். அது ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடையின் அருவி. பெமாகோச்சுங்கில் ஆறு விழுவது ஒரு வீட்டு உயரம். ரெண்டையும் ஒன்றாகக் குழப்பியது அறிக்கையை எழுதியவர்களோ மொழிபெயர்த்தவர்களோதான். அவரால் அதைப் படித்துப் பார்த்துத் திருத்தியிருக்க முடியாது.

(அருவி வேட்டை அதோடும் நிற்கவில்லை. 1924-ல் தாவரம் தேடிப் போன கிங்டன் வார்ட் இன்னும் உள்ளே போய் ஒரு அருவியைப் பார்த்தார். அவரும் எட்டாத ஒரு துண்டில், 100 அடியைக் கொஞ்சம் தாண்டும் இன்னொரு அருவியை 1998-ல் அளந்தார்கள். நயாகரா கணக்கா எதுவுமே இல்ல. வழி முழுக்கப் பாறையை இடித்துக்கொண்டே ஆறு இறங்குகிறது, அவ்வளவுதான்.)

அந்த இறக்கத்துக்கு இன்றைக்கு வேறு விலை வந்துவிட்டது. 2025 ஜூலையில் சீனா அங்கே நீர்மின் திட்ட வேலையைத் தொடங்கியிருக்கிறது. வளைவைச் சுற்றாமல் மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கொண்டுபோய், சுமார் 50 கிலோமீட்டரில் கிடைக்கும் 2,000 மீட்டர் ஹெட்டைப் பயன்படுத்துவது திட்டம். திறன் சுமார் 60,000 மெகாவாட். த்ரீ கார்ஜஸ் அணையே 22,500 தான். கீழே அருணாச்சலத்திலும் அசாமிலும் வங்கதேசத்திலும் இருப்பவர்கள் கவலைப்படுவது ஏன்னு விளக்க வேண்டியதில்லை. மேலே விடுவது கீழே வரும் என்பதுதானே கிந்துப் நிரூபிக்கப் போன விஷயம்.

பெய்லி அவருக்கு ஒரு மாத ஓய்வூதியம் வாங்கித் தரப் போராடினார். எத்தனை வருஷம் உயிரோடு இருப்பாரோ, எவ்வளவு செலவாகுமோ என்று யோசித்த அரசாங்கம் மறுத்துவிட்டது. மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்தது. கிந்துப் அதை வாங்கிக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை.