காண இயலாத துகளைக் கருதியவர்

வோல்ஃப்காங் பவுலி, ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். தம் 21ஆம் வயதிலேயே சார்பியல் கொள்கையைப் பற்றி விரிவான நூற்கட்டுரை எழுதி, ஐன்ஸ்டைனின் பாராட்டைப் பெற்றார். 1928 முதல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியராகப் பணியாற்றினார். பிறர் ஆய்வில் பிழை கண்டால், அதனை ஒளிவுமறைவின்றிச் சுட்டிக்காட்டுவது அவர் இயல்பு.

அக்காலத்தில் ஒரு புதிர் அறிவியலாளரை வாட்டியது. சில அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரான் வெளிப்படும். அது கொண்டுசெல்லும் ஆற்றல், இருக்கவேண்டிய அளவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. எஞ்சிய ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழியாது என்னும் விதியே இங்குப் பொருந்தாதோ என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் ஐயுற்றனர்.

அவ்விதியைக் கைவிடப் பவுலியின் மனம் இசையவில்லை. மின்னூட்டம் அற்ற நுண்துகள் ஒன்று எலக்ட்ரானுடன் வெளியேறி, எஞ்சிய ஆற்றலைக் கொண்டுசெல்கிறது என்று அவர் கருதினார். 1930ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் கூடும் அறிஞர்களுக்கு இதனை மடலில் எழுதினார். எனினும், எவராலும் காண இயலாத ஒன்றைக் கூறிவிட்டோமே என்னும் கவலை அவரை விட்டு நீங்கவில்லை. பிறர் கருத்தைக் கடுமையாக ஆராய்ந்தவர், தம் கருத்தையும் அவ்வாறே ஆராய்ந்தார். ஆதலின் அதனை உடனே அச்சில் வெளியிடாமல், சோதனைக்கு வழி உண்டா என்று அறிஞர்களைக் கேட்டார். பின்னர் அத்துகள் நியூட்ரினோ எனப் பெயர் பெற்றது.

விடை கிடைக்க 26 ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, வேறோர் ஆய்வுக்காக 1945இல் பவுலி நோபல் பரிசு பெற்றார். 1956இல் அமெரிக்க அறிஞர்களான ரைன்ஸ், கோவன் இருவரும் அணுஉலை ஒன்றின் அருகே நியூட்ரினோவைக் கண்டறிந்து, அவருக்குத் தந்தி அனுப்பினர். தம் கருத்து மெய்யானதைக் கண்ட பவுலி, 1958 டிசம்பர் 15ஆம் நாள் சூரிச்சில் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் நியூட்ரினோ, அண்டத்தின் செய்தியைக் கொணரும் தூதாயிற்று. 1965இல் நம் நாட்டின் கோலார் தங்கவயலில், நிலத்தின் அடியே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் பதிவாயிற்று. கதிரவனின் உள்ளே பிறக்கும் ஒளி, வெளியே வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அங்கிருந்து புறப்படும் நியூட்ரினோவோ எட்டே நிமிடங்களில் புவியை அடைகிறது. 1987இல் தொலைவிலுள்ள விண்மீன் ஒன்று வெடித்ததை, அதன் ஒளிக்குச் சில மணிநேரம் முன்பே வந்து உணர்த்தியதும் நியூட்ரினோவே. ஐயத்துடன் எழுதப்பட்ட ஒரு மடல், கதிரவனின் உள்ளத்தை அறியும் வழியை மாந்தர்க்குத் திறந்துவிட்டது.